மேற்கு வாசலில் நின்றவர்

"கிழக்கு வாசலை அவனுக்கா குடுத்தீங்க, அக்கா?"

வேதமுத்து சார் கேட்டேவிட்டார். மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்.

அக்கா கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்."

"சுடலைமணிக்கா?"

"ஆமா."

"அவனுக்கு வாசிக்கத் தெரியாது."

"தெரியாது."

"வந்து எட்டு மாசம்தான் ஆகுது. இன்னும் ஞானஸ்நானம்கூட எடுக்கல. பேரைக்கூட மாத்தல."

"நல்ல பேருதானே சார்."

"ஒரு வசனம் தெரியாது அக்கா. ஒண்ணே ஒண்ணு."

"அதுவும் வாஸ்தவம்தான். காப்பி குடிங்க, ஆறுது."

சார் குடித்தார். கருப்பட்டி கசந்தது.

"அப்புறம் ஏன் அக்கா?"

அக்கா எழுந்து கிழக்கு வாசல் வரை நடந்து போனார். மூடியிருந்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து மிச்சக் காப்பியைக் குடித்தார்.

அதுதான் பதில் போலிருந்தது. சாருக்கு விளங்கவில்லை.

*

அக்கா என்றால் ஏசுவடியாள். வயது நாற்பத்தாறு. முன்பு நர்ஸ் வேலை பார்த்தவர். உப்பளங்களுக்கு நடுவே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கிட்டங்கியைச் சுத்தம் செய்து ஜெபவீடு ஆக்கியிருந்தார். உப்பு மூட்டை அடுக்கின இடம்தான். சுவரைத் தொட்டு நாக்கில் வைத்தால் இன்னும் கரிக்கும்.

அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேதமுத்து சாருக்கு அறுபத்தொன்று. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அக்காதான்.

கிட்டங்கிக்கு இரண்டு வாசல். வருஷம் முழுக்க மேற்கு வாசல் வழியாகத்தான் போக்குவரத்து. கிழக்கு வாசலை ஒரே ஒரு நாள் திறப்பார்கள், கிறிஸ்துமஸ் அன்று, விடிகிற நேரத்தில்.

அதற்கு ஒரு முறை இருந்தது.

மேற்கு வாசலில் ஒருவர் அரிக்கன் விளக்கோடு நிற்பார். மேசியா வருவார் என்று பழைய தீர்க்கதரிசிகள் சொல்லிவைத்துப் போனதில் ஐந்தைச் சொல்வார். கன்னி ஒருத்தி பிள்ளை பெறுவாள். பெத்லகேம் என்கிற சின்ன ஊரிலிருந்து ஆளப்போகிறவர் புறப்படுவார். வெட்டிப்போட்ட அடிமரத்தில் தளிர் ஒன்று கிளம்பும். நம்முடைய நோவை அவர் சுமப்பார். இருட்டில் நடக்கிற ஜனங்கள் வெளிச்சத்தைப் பார்ப்பார்கள்.

சொல்லி முடித்ததும் விளக்கோடு நடுவழியே நடந்து கிழக்கு வாசலுக்கு வருவார். அங்கே இன்னொருவர் வெறுங்கையோடு நிற்பார். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நிற்பார்கள்.

"சொன்னது நிறைவேறிற்று. வருவார் என்றவர் வந்துவிட்டார்." வெறுங்கையோடு நின்றவர் இதைச் சொல்வார். விளக்கை வாங்கிக்கொள்வார். கதவைத் திறப்பார். உப்பளத்துக்கு மேலே கிளம்புகிற சூரியன் நேரே உள்ளே வரும். அப்புறம் விளக்கு எதற்கு, ஊதி அணைத்துவிடுவார்.

விளக்கைக் கொண்டுவந்தவர் தரையில் உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதான் அவர் வேலை.

ஒன்பது வருஷமாக விளக்கைக் கொண்டுவந்தவர் வேதமுத்து சார். கிழக்கே நின்றவர் மாசிலாமணி அய்யா. ஆவணி மாசம் மாசிலாமணி அய்யா காலமாகிவிட்டார். சார் அழுதார், உண்மையாகவே அழுதார். அழுகைக்கு நடுவிலேயே கிழக்கு வாசல் ஞாபகம் வந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது தான்தான் என்று சாருக்குத் தெரியும். சபைக்கும் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது.

*

"ஒரு உதவி சார்," என்றார் அக்கா, காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டே. "சுடலைக்கு அந்த வசனத்தைச் சொல்லிக்குடுங்க."

"நானா?"

"உங்களைவிட நல்லா யாரு சொல்லிக்குடுப்பா?"

முப்பத்தைந்து வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவரிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

அதிலும் ஒரு குறை இருந்தது. அவன் சுடலை. இவர் சார். ஒன்பது வருஷத்தில் அக்கா ஒரு தடவைகூட இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

*

சுடலைமணிக்கு நாற்பது வயது இருக்கும். அவன் என்றுதான் சார் சொல்வார். கதை சாருடையது, நாமும் அப்படியே சொல்லிக்கொண்டு போவோம்.

உப்பு வாரி வாரி அவன் பாதம் வெடித்திருந்தது. வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போய், எதைப் பார்த்தாலும் இடுக்கிக்கொண்டுதான் பார்ப்பான். மழைக்காலம் என்பதால் உப்பளத்தில் உப்பு எடுப்பதில்லை. வரப்பு கட்டுகிற வேலைதான். பொழுதிருந்தது.

கிட்டங்கிக்கு வெளியே நின்ற உடைமரத்தடிக்கு வந்தான்.

"தோத்திரம் சார். அக்கா வரச்சொன்னாவ."

"உட்காரு. ஒரே ஒரு வசனம். நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லணும்."

"சரி சார்."

சொன்னது நிறைவேறிற்று என்று ஆரம்பிக்க வேண்டும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவன் தோளில் கிடந்த துண்டைச் சார் பார்த்தார். நீலக்கரைத் துண்டு. மாசிலாமணி அய்யாவுடையது. கிழக்கு வாசலில் நிற்கும்போது அவர் தோளில் கிடப்பது.

"அது ஏது?"

"அக்கா குடுத்தாவ சார். மழையில நனஞ்சுட்டு வந்தேன், துடைச்சுக்கிடுங்கன்னு."

சாருக்கு வயிறு எரிந்தது. மோர் குடித்தால் அடங்குகிற எரிச்சல் இல்லை அது.

"சொல்லு," என்றார். "வரவேண்டியவர் நீங்கதானா? இல்லை, இன்னொருத்தர் வரட்டும்னு நாங்க காத்திருக்கணுமா?"

அது பொய் வசனம் இல்லை. பொய் வசனம் சொல்ல சாருக்கு வாய் வராது. இவர்தான் மேசியா என்று ஊருக்கு முதலில் சுட்டிக்காட்டிய யோவான், பிற்பாடு சிறையில் கிடக்கும்போது, மனசு கலங்கி, அவரிடமே ஆளனுப்பிக் கேட்ட கேள்வி. வேதத்தில் உள்ளதுதான். இடம்தான் வேறு.

வந்துவிட்டார் என்று கேட்பதற்காக ஒரு சபையே விடியலில் காத்திருக்கும்போது, ஒருவன் எழுந்து நின்று வரவேண்டியவர் நீங்கதானா என்று கேட்டால் எப்படி இருக்கும்? தாலி கட்டுகிற நேரத்தில் இதுதான் பெண்ணா என்று கேட்பது போல இருக்கும். சிரித்துவிடுவார்கள். அடுத்த வருஷம் அக்கா யாரைக் கூப்பிடுவார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாருக்குச் சந்தோஷமாக இருந்தது. கேவலமான சந்தோஷம்தான். ஆனாலும் சந்தோஷம்.

சுடலைமணி இரண்டு தடவை முணுமுணுத்துப் பார்த்தான்.

"சார், இது கேள்வியால்லா இருக்கு?"

"வேதத்துல அப்படித்தான் இருக்கு."

"யார்ட்ட கேக்கணும்?"

சார் இதை யோசித்திருக்கவில்லை.

"யார்ட்டயும் இல்ல. சும்மா சொல்லணும்."

"சும்மா எப்படி சார் கேக்க? கேள்வின்னா ஆளு வேணும்லா."

"நீ மொதல்ல மனப்பாடம் பண்ணு. ஆளை அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் மறுபடியும் சொன்னான். இந்த முறை மெதுவாகச் சொன்னான். சொல்லிவிட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டு உப்பளத்தைப் பார்த்தான்.

"என்ன?"

"இத நான் முன்னாலேயே கேட்டிருக்கேன் சார்."

"எங்க? எந்தக் கூட்டத்துல?"

"கூட்டத்துல இல்ல. எங்க அய்யா சாகக் கெடக்கும்போது சொன்னாரு, நம்மள மாதிரி ஆளுகளுக்குன்னு ஒருத்தன் வருவாம்லன்னு. அதுலருந்து எவன் வந்தாலும் நான் மனசுக்குள்ள இதத்தான் கேப்பேன். கொடி புடிச்சுக்கிட்டு ஒருத்தரு வந்தாரு. அப்புறம் கோயில் கொடையில சாமி வந்து ஆடுனாரு ஒருத்தரு. ஆஸ்பத்திரி கெட்டித்தாரேன்னு கார்ல ஒருத்தரு வந்தாரு. நீருதானா, இல்ல நாங்க இன்னும் இருக்கணுமான்னு."

"என்ன பதில் வந்துச்சு?"

சுடலைமணி யோசித்தான்.

"ஒருத்தருகூட, நான் இல்லன்னு சொல்லல சார்."

சார் எழுந்துவிட்டார். பாடம் முடிந்தது என்றார். யாரிடமும் சொல்லிக் காட்டாதே, அன்றைக்குச் சொன்னால் போதும் என்றும் சொன்னார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, சார் தன் நோட்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனார்.

அது பெரிய நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு. இடது பக்கம் 'சொன்னது', வலது பக்கம் 'நடந்தது'. எந்தத் தீர்க்கதரிசி எப்போது என்ன சொன்னார், அது எங்கே எப்படிப் பலித்தது என்று பதினோரு வருஷமாக எழுதி வைத்திருந்தார். தகுதி என்று ஒன்று இருந்தால் அது இந்த நோட்டில் இருந்தது.

அக்காவுக்குப் பக்கத்தில் சுடலைமணி உட்கார்ந்திருந்தான். மீன்கொத்தியைப் பிடிக்கப் போய்ச் சேற்றில் விழுந்த கதை எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒன்பது வருஷத்தில் சார் சொன்ன எதற்கும் அக்கா அப்படிச் சிரித்ததில்லை. சார் சிரிக்கிற மாதிரி எதையும் சொன்னதும் இல்லை, அது வேறு விஷயம்.

"இதைக் கொஞ்சம் பாருங்க அக்கா."

அக்கா பொறுமையாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தார்.

"காலிப் பக்கம் ஏதாவது இருக்கா சார்?"

"இல்லக்கா. எல்லாம் எழுதி முடிச்சாச்சு."

"அடடா," என்றார் அக்கா. "அப்ப அவரே நேர்ல வந்தாலும் எழுத எடமில்ல."

சுடலைமணி சிரிக்கவில்லை. நோட்டை எட்டி ஆசையாகப் பார்த்தான்.

"இம்புட்டும் நீங்களா எழுதுனீங்க சார்?"

சார் நோட்டை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சார்," என்றார் அக்கா. "கிழக்கு வாசக்கதவு ஒரு வருஷமாத் திறக்கல. உப்புக் காத்துல கீல் துருப்பிடிச்சிருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டு வையுங்களேன்."

"நானா?"

"உங்களுக்குத்தான் கை பொறுமை."

*

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சார் தேங்காயெண்ணெயும் கந்தல் துணியும் எடுத்துக்கொண்டு தனியாக வந்தார்.

கீல் மூன்று. மூன்றிலும் துரு. சுரண்டினார், துடைத்தார், எண்ணெய் விட்டார். எவனோ திறப்பதற்கு நான் எண்ணெய் விடுகிறேன் என்று ஒவ்வொரு கீலுக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். கை என்னவோ ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. அந்த இடம்தான். மாசிலாமணி அய்யா நின்ற இடம்.

சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை.

தோளில் கந்தல் துணியைப் போட்டுக்கொண்டார். கதவுக்கு முதுகைக் காட்டி, காலியாகக் கிடந்த பாய்களைப் பார்த்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொன்னது நிறைவேறிற்று. வருவார் என்றவர் வந்துவிட்டார்."

கிட்டங்கி அந்தக் குரலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் கனமாக, இன்னொரு தடவை சொன்னார். மாசிலாமணி அய்யாவுக்குக்கூட இப்படி வந்ததில்லை. சாருக்கே கண் கலங்கியது.

"யாரு வந்தா சார்?"

மேற்கு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் துவைத்த பாய்விரிப்பு.

சார் தோளில் இருந்த கந்தலை இழுத்துக் கீழே போட்டார்.

"ஆண்டவர்தான் அக்கா. ஆண்டவர் வந்தார்."

"அப்படியா. எனக்கு உங்க சத்தம் மட்டுந்தான் கேட்டுது."

அவர் விரிப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் சாருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

*

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம் சார் உப்பளத்துப் பக்கம் போனார். பயலுக்கு வசனம் தெளிவாக வருகிறதா என்று பார்க்கத்தான் போனார். திருத்துவதற்காகப் போனார் என்று யாராவது நினைத்தால், அது அவர்களுடைய நல்ல மனசு.

சுடலைமணி முழங்கால் அளவு சேற்றில் நின்று வரப்புக்குச் சேறு அணைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு பாப்போம்."

சொன்னான். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"ராத்திரி பகலாச் சொல்லிப் பாத்தேன் சார். இங்க வேலை செய்யும்போது சத்தமாவே சொல்லுவேன். இந்த வரப்புக்கே மனப்பாடம் ஆயிருக்கும்."

"யாராவது கேட்டாங்களா?"

"அக்கா கேட்டாவ."

சார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப?"

"போன வாரம். இந்தப் பக்கமா வந்தாவ. நான் பாக்கல. சொல்லி முடிச்சுட்டுத் திரும்புனா நிக்காவ."

"என்ன சொன்னாங்க?"

"யாரு சொல்லிக்குடுத்தான்னு கேட்டாவ. சார்தான்னேன். அப்புறம், அப்ப அதையே சொல்லுங்க சுடலைன்னுட்டுப் போயிட்டாவ."

ஒரு வாரமாக அக்காவுக்குத் தெரியும். இந்த ஒரு வாரமும் சார் அவர் கையால் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறார். நாளைக்கு அவன் வாயைத் திறந்ததும் அத்தனை பேரும் இது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்கள். சார்தான் என்று அவன் சொல்வான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தோண்டின குழி இவ்வளவு ஆழம் என்று சாருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இங்க பாரு சுடலை. அந்த வசனம் வேண்டாம். வேற சொல்லித்தாரேன், இதைவிடச் சின்னதுதான். சொன்னது நிறைவேறிற்று..."

"வேண்டாம் சார்."

"என்ன வேண்டாம்?"

"அக்கா இதத்தான் சொல்லச் சொன்னாவ. எனக்கும் இதுதான் பிடிச்சிருக்கு."

"ஏலே, சொன்னாக் கேளு."

சுடலைமணி சேற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சார், வாசிக்கத் தெரியாதவன் நான். என்னைய ஒரு ஆளா மதிச்சு, இப்படி ஒரு வார்த்தையக் குடுத்திருக்கீங்க. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

சார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து நேரே அக்காவிடம் போனார்.

அக்கா அரிக்கன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா. அந்த வசனம்..."

"வாங்க சார். இந்தத் திரியக் கொஞ்சம் மாத்திக்குடுங்க. எனக்குக் கை நடுங்குது."

அக்காவுக்குக் கை நடுங்கவில்லை. சார் திரியை மாற்றிக் கொடுத்தார்.

"நாளைக்கு நேரத்தோட வந்துருங்க," என்றார் அக்கா.

*

விடியப்போகிற நேரம். கிட்டங்கி நிறைந்திருந்தது. குழந்தைகள் புதுச் சட்டையோடு மடியில் தூங்கின.

சார் மேற்கு வாசலில் விளக்கோடு நின்றார்.

கன்னி ஒருத்தி பிள்ளை பெறுவாள் என்றார். பெத்லகேம் என்றார். அடிமரத்தில் தளிர் என்றார். நோவைச் சுமப்பார் என்றார். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. ஒன்பது வருஷப் பழக்கம். மனசு முழுவதும் கிழக்கு வாசலில் இருந்தது.

அங்கே அந்த நீலக்கரைத் துண்டு தெரிந்தது.

இருட்டில் நடக்கிற ஜனங்கள் வெளிச்சத்தைப் பார்ப்பார்கள் என்றார். நடந்தார்.

மற்ற வருஷங்களில் இந்த வழி இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. மாசிலாமணி அய்யா சபையைப் பார்த்து நிற்பார். இந்த வருஷம் கிழக்கே நின்ற ஆள் கதவைப் பார்த்து நின்றிருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நிற்பதுபோல, இடுக்கு வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினான்.

இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்றார்கள்.

விளக்கு வெளிச்சத்தில் சுடலைமணி கண்ணை இடுக்கிக்கொண்டு சாரைப் பார்த்தான். அவன் தேடிக்கொண்டிருந்த ஆள் கிடைத்துவிட்டது என்று சாருக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. கேள்வி என்றால் ஆள் வேண்டும். சபை சிரிப்பதை நினைத்துப் பார்த்தவர், அக்கா முகத்தை நினைத்துப் பார்த்தவர், தான் எங்கே நிற்கப்போகிறோம் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

"வரவேண்டியவர் நீங்கதானா?" என்று கேட்டான் சுடலைமணி. "இல்லை, இன்னொருத்தர் வரட்டும்னு நாங்க காத்திருக்கணுமா?"

மனப்பாடம் மாதிரி இல்லை. கேட்டான். உண்மையாகவே கேட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு பாய் சரசரத்தது. அப்புறம் அதுவும் நின்றது.

சார் விளக்கை நீட்டினார். வாங்கிக்கொள்ள எதிரே கை நீளவில்லை. பதில் வராமல் விளக்கை வாங்குவது எப்படி?

அக்கா தன் இடத்திலிருந்து சொன்னார், குரலைக்கூட உயர்த்தவில்லை.

"கேட்டாருல்லா, வேதமுத்து. சொல்லுங்க."

முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். அதற்குச் சந்தோஷப்படக்கூட சாருக்கு நேரமில்லை.

ஒன்பது வருஷம் வருவார் வருவார் என்று சொல்லிக்கொண்டு இந்த வழியே நடந்திருக்கிறார். நடக்கும்போதெல்லாம் அந்தக் கதவருகே யார் வந்து நிற்பதை மனசில் பார்த்தார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். வேட்டி சட்டையோடு, கையில் நோட்டோடு, அறுபத்தொரு வயதுக்காரர் ஒருவர்.

எதிரே இருந்த மனிதர் காத்திருந்தார். கொடி பிடித்தவரிடம், சாமியாடியவரிடம், காரில் வந்தவரிடம் காத்திருந்த மாதிரியே, அவசரப்படாமல்.

கதவு இடுக்கில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

சார் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. கிட்டங்கியையே நிறைத்த குரல்.

இரண்டாம் தடவை வந்தது.

"நான் இல்ல," என்றார்.

சுடலைமணியின் முகம் மெல்ல விரிந்தது. கையை நீட்டினார்.

விளக்கைக் கொடுத்துவிட்டு, வேதமுத்து தரையில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"கதவைத் திறங்க, அய்யா."